நாற்பத்து மூன்றாம் பக்கம்

பிப்ரவரி 2, 2019. சாத்தூர்

'பெஞ்சு மேல் ஏறிய வாத்தியார்' வெளிவந்து இன்றோடு இருபது நாள். முப்பத்து மூன்று வருட அறிவியல் வாத்தியார் உத்தியோகத்தில் எனக்கு நேர்ந்த அசட்டுத்தனங்களைப் பதினெட்டு நகைச்சுவைக் கட்டுரைகளாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் சொல்வதைக் குறித்துவைத்தால் பின்னால் உதவும் என்றுதான் இந்த டைரியைத் தொடங்கினேன். இப்போது குழப்பமாக இருக்கிறது.

நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் சிவப்பாகும். சாத்தூரிலும் ஆகும், சென்னையிலும் ஆகும். வாசகர்கள் அப்படி இல்லை. எடுத்துக்காட்டாக, என் ஸ்கூட்டர் கண்மாய்க்குள் போன கட்டுரை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று நம்பி எழுதினேன். வங்கி மேலாளராக இருக்கும் பழைய மாணவன் ஜெயசீலன் போன் செய்து அழுதான். "அந்த ஸ்கூட்டர்ல நானும் வந்திருக்கேன் சார். அதுக்கா இப்படி ஒரு சாவு?" என்றான். என் அம்மா இறந்த தந்தி தவறுதலாக வேறு வீட்டுக்குப் போன கட்டுரையை நான் அழுதுகொண்டு எழுதினேன். அதற்கு அவன் குடும்பத்தோடு சிரித்தானாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் இரண்டு பேர். ஒன்பதாம் கட்டுரையில் தூங்கி விழுகிறவர் தான்தானோ என்று ஒருவருக்குக் கோபம். தான் புத்தகத்தில் எங்குமே இல்லையே என்று மற்றவருக்கு வருத்தம். தூங்கி விழுந்தது இந்த இரண்டாமவர்.

என் மனைவி எஸ்தர் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கொண்டை ஊசி வைத்திருக்கிறாள். ஊசி பத்து நாளாக அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 3, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். நால்வரும் சொன்னது ஒரே கட்டுரையை. போதகர் ஐயர்கூட, "அந்த நாற்பத்து மூணாம் பக்கம் இருக்கே வேதமாணிக்கம் சார், பிரசங்கத்துக்கு நடுவுல ஞாபகம் வந்து சிரிச்சிருவேனோன்னு பயந்துட்டேன்" என்றார்.

'நான்கு முறை கல்யாணமான அக்கா' என்பது தலைப்பு. 1989இல் ஒன்பதாம் வகுப்பில் பெத்துராஜ் என்று ஒரு பையன். கட்டுரையில் அவன் பெயரை மாற்றியிருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு நான்தான் வகுப்பாசிரியர். 'அக்காவுக்குத் திருமணம் என்பதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டுகிறேன்' என்று ஒரு கடிதம். ஐந்து மாதம் கழித்து மறுபடி அக்காவுக்குத் திருமணம். பிறகு மறுபடி. நான்காவது கடிதம் வந்தபோது அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். நாற்பத்தாறு பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பாவைக் கூட்டி வா என்றேன். மறுநாள் அவர் வந்து வாசலில் நின்றார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். "ஐயா, உங்க மகளுக்கு நாலாவது கல்யாணமாமே, எனக்கு ஒரு தடவைகூடப் பத்திரிகை வரலையே" என்றேன். அவர் "நாலாவதா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு வகுப்பே வெடித்தது. கட்டுரையின் கடைசி வரி: 'அப்பாவும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.'

இந்தக் கட்டுரைக்கு மட்டும் எல்லா லிட்மஸும் ஒரே நிறமாகிறது. நிம்மதி.

பிப்ரவரி 5

மோட்டார் காயில் போய்விட்டது. லாரித் தண்ணீர்.

பிப்ரவரி 6

தபாலில் ஒரு அஞ்சலட்டை. சிவகாசி முத்திரை. பெயரில்லை, முகவரியில்லை. சின்னச் சின்னதாக, வரி பிசகாமல், பென்சிலால் எழுதியது:

'43ஆம் பக்கம். நான்கு அல்ல, மூன்று.'

அவ்வளவுதான். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ ஒன்றுமில்லை. தேர்வுத் தாளில் விடை மட்டும் எழுதி, வழிமுறை எழுதாமல் விடுகிற பிள்ளைகள் உண்டு. முழு மதிப்பெண்ணும் கொடுக்க முடியாது, சுழியும் போட முடியாது.

எது மூன்று? கல்யாணமா? அது நான்குதான். கடிதங்களை வாங்கியது நான். இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 7

புத்தகம் போட்ட சிவகாசி அச்சகத்துக்காரர் தனுஷ்கோடி போன் செய்தார்.

"சார், ஐநூறும் காலியாகப் போகுது. ரெண்டாம் பதிப்பு போட்டுருவோம். தப்பு கிப்பு இருந்தா இருபதாம் தேதிக்குள்ள சொல்லிருங்க. அப்புறம் இருபத்து நாலாம் தேதி வாசகர் வட்டத்துல உங்களைப் பேசக் கூப்பிடுறாங்க. அந்த அக்கா கல்யாணத்தை நீங்களே வாசிக்கணுமாம்."

வாசிக்கிறேன் என்று சொன்னேன். அஞ்சலட்டையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"எவனாவது வேலையத்தவன் எழுதியிருப்பான் சார். நாலுன்னாதானே சிரிப்பு. மூணுன்னா சப்புன்னு போயிரும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் அட்டையைக் கிழித்துப் போடவில்லை. பன்னிரண்டாம் பக்கத்து ஊசிக்கு அருகில் செருகி வைத்தேன்.

பிப்ரவரி 9

புத்தகத்திலிருந்து அட்டை கீழே விழுந்திருந்தது. ஊசியையும் காணோம். எஸ்தர் முழுவதும் படித்து முடித்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"ஸ்கூட்டர் நல்லாருக்கு. என் ரசத்தைப் பத்தி எழுதினது பொய். மத்தபடி பரவால்ல."

"நாப்பத்து மூணாம் பக்கம்?"

அவரைக்காய் நரம்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு வந்துட்டுப் போன அன்னைக்கு நீங்க சாப்பிடலை" என்றாள்.

"எந்த ஆளு?"

"தீப்பெட்டி ஆபீஸ்காரரு. வயித்துவலின்னு சொல்லிப் படுத்துட்டீங்க. நான் ஓமத் தண்ணி போட்டுத் தந்தேன். அதையும் குடிக்கலை. இவ்வளவு சிரிப்பான விஷயம்னா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? முப்பது வருஷம் கழிச்சுப் புஸ்தகத்துல போட்டுத்தான் எனக்குத் தெரியணுமா?"

எனக்கு அன்று வயிற்றுவலி இருந்ததாக நினைவில்லை. எஸ்தருக்கு நினைவாற்றல் அதிகம். ஆனால் நினைவாற்றல் அதிகமிருப்பவர்கள் எல்லாம் சரியாகவே நினைவு வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 10

பரணில் புத்தகத்தின் பழைய புரூப் கட்டு இருக்கிறது. அந்தப் பென்சில் எழுத்தை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது. ஏணியின் ஒரு படி ஆடுகிறது. ஆசாரியை வரச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

ஆசாரி வரவில்லை. நானும் சொல்லி அனுப்பவில்லை.

பிப்ரவரி 12

எஸ்தர் நாற்காலி போட்டு ஏறிப் புரூப் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "ஏணி ஏணின்னு எத்தனை நாளைக்கு?" என்றாள்.

அச்சுக்கு முன் பக்கங்களைப் படித்துப் பார்த்து, சந்தேகம் வரும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி அனுப்புவது அச்சகத்து வழக்கம். ஆசிரியர் பதில் எழுதித் திருப்ப வேண்டும். எனக்குக் கையில் சிவப்பு மை வந்தால் பழக்கம் விடாது. மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று போட்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் கூட்டி '30/31. நன்று' என்றுகூட எழுதியிருந்தேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

அந்த ஒரு மதிப்பெண் போனது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். தலைப்புக்கு அருகே பென்சிலில்: 'நான்கா? மூன்றா?' அதன் மேல் என் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் என் எழுத்து: 'தவறு. நான்குதான். நானே சாட்சி.'

கீழே, கடைசி வரியில், 'சிரித்தார்' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. கேள்வி எதுவும் எழுதவில்லை. கேள்வி இல்லாததால் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

அஞ்சலட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கை.

பிப்ரவரி 13

காயில் கட்டி வந்துவிட்டது. இனி லாரித் தண்ணீர் வேண்டாம். பகல் முழுவதும் தொட்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15

காலைப் பேருந்தில் சிவகாசி போனேன். தனுஷ்கோடியிடம், புரூப் பார்க்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"சங்கரியக்காவா? உள்ள இருப்பாங்க. இருபத்தெட்டு வருஷமா இங்கதான். மொத ஈய எழுத்து கோத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க கண்ணுல படாத தப்பு கிடையாது சார். கல்யாணப் பத்திரிகை ஒண்ணு கூட அவங்க பாக்காம மிஷின் ஏறாது."

காலண்டர் அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மேசை. ஐம்பது வயதிருக்கும். பெத்துராஜின் அக்காவுக்கும் இப்போது அந்த வயதுதான் இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நிற்க வேண்டாம் என்றேன்.

"பெத்துராஜ் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். எப்படித் தொடங்குவது என்று பேருந்தில் யோசித்து வைத்திருந்தது எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை.

"திருப்பூர்ல இருக்கான் சார். போன்ல அவனுக்கு உங்க கட்டுரையை வாசிச்சுக் காட்டினேன். அப்படிச் சிரிச்சான். 'சாரு அப்படியே எழுதியிருக்காருக்கா'ன்னான்."

"அப்போ மூணுன்னு எழுதினது..."

"மூணுதான் சார். மூணு கல்யாணமும் நின்னது நெசம். காரணம் கேக்காதீங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. நாலாவது கல்யாணமில்லை. மதுரையில நர்ஸ் பயிற்சிக்கு எனக்கு இன்டர்வியூ. அப்பாவுக்குத் தெரியாது. தனியாப் போகப் பயம். தம்பிதான் கூட வந்தான். லீவு லெட்டர்ல என்ன எழுதன்னு கேட்டான். எப்பவும் எழுதுறதையே எழுது, அதுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். அப்பா கையெழுத்தும் நான் போட்டதுதான்."

'நாலாவதா?' என்று அன்று அவர் அப்பா கேட்டது மறுபடி என் காதில் விழுந்தது. இத்தனை நாள் அதை நகைச்சுவை என்றே வைத்திருந்தேன்.

"இன்டர்வியூ?"

"கெடைச்சது. ஆர்டர் தபால்ல வந்துச்சு. அப்பா பிரிச்சுப் படிச்சார். அடுப்புல வச்சார். ஒரு வார்த்தை பேசலை. ரெண்டாயிரத்து மூணுல செத்தார். அதுவரைக்கும் பேசலை."

அடுத்த அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். நிற்கவில்லை.

"அந்தக் கட்டுரையை எடுத்துடலாம்மா. ரெண்டாம் பதிப்புல வேண்டாம். இப்பவே தனுஷ்கோடிகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு முறைதான் குரல் உயர்ந்தது.

"எடுக்கச் சொல்லியா நான் கார்டு போட்டேன்? எடுத்துட்டா நான் எங்க போய்த் தேடுறது? சார், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எங்கப்பா நெசமாவே சிரிச்சாரா?"

நான் சரிந்திருந்த காலண்டர் அட்டைக் கட்டு ஒன்றை நேராக அடுக்கி வைத்தேன்.

"தம்பி தலையைக் குனிஞ்சிக்கிட்டு இருந்தானாம். பாக்கலைன்னு சொல்றான். பாத்தது நீங்க ஒருத்தர்தான். 'நானே சாட்சி'ன்னு எழுதியிருந்தீங்க. சிரிச்சிருந்தார்னா, அந்த ஆர்டரை எரிச்சது அவர் இஷ்டம், அவர் குணம், நான் பேசாம இருந்துக்கிருவேன். அழுதிருந்தார்னா, நான் எழுதச் சொன்ன அந்த லெட்டர்தான்..."

கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ திருத்தத் தொடங்கினார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பில் பாடத்தைத் தாண்டி ஒருவன் கேள்வி கேட்டுவிட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். அதே குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16

யோசித்தேன். வாசல் நினைவிருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது நினைவிருக்கிறது. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இதுவரை உறுதி. சிரித்தார் என்பது நான் எழுதும்போது வந்தது. துண்டுக்குள் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

பார்க்காததை எப்படிப் பார்த்ததாக எழுதினேன் என்பதுதான் குழப்பம். ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு பையன் இப்படிச் செய்தால் என்ன செய்வேன்? சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

சோதனை. தேவையான பொருள்கள்: துண்டு ஒன்று, பார்வையாளர் ஒருவர்.

ஆராதனை முடிந்து வந்ததும் எஸ்தரை நடுவீட்டில் உட்கார வைத்து, நான் வாசல்படியில் நின்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் ஒரு முறை சிரிப்பதாகவும் ஒரு முறை அழுவதாகவும் தோளைக் குலுக்குவேன். எது எது என்று அவள் சொல்ல வேண்டும். பத்து முறை.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? அடுத்த வீட்டு அம்மா பாக்குறாங்க" என்றாள். இருந்தாலும் உட்கார்ந்தாள்.

பத்தில் ஐந்து சரி, ஐந்து தவறு. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தாங்க இருக்கு" என்றாள். "அந்தப் பத்தாவது நல்லா இருந்துச்சு. அழுகைதான?"

பத்தாவது தடவை நான் எதையும் நடிக்கத் தொடங்கும் முன்பே தோள்கள் குலுங்கின. சிரிப்பு என்று சொல்லிவிட்டேன். அதனால் அவள் விடையைத் தவறு என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18

சோதனை முடிவு: துண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதையே சங்கரிக்கு எழுதிவிடலாம். பொய்யில்லை. எனக்கும் வசதி.

பிப்ரவரி 19

வசதி என்ற சொல்லை நேற்று எழுதியிருக்கிறேன். காலையில் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். கட்டுரையிலும் விட்டேன், பதினாறாம் தேதிக் குறிப்பிலும் விட்டேன். ஒரு வகுப்பு சிரிக்கத் தொடங்கினால் தானாக நிற்காது. மேசையைத் தட்ட வேண்டும், பிரம்பை எடுக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடத்தில் இதற்கு விதிவிலக்கு ஒரே ஒரு நாள். அவர் துண்டால் முகத்தை மூடிய பிறகு பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. முன் வரிசையில் முதலில், பிறகு பின்னால், பெஞ்சு பெஞ்சாக. நான் மேசையைத் தட்டவில்லை. தட்டியிருக்க முடியாது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கடைசியாக நிறுத்தியது நான்.

பிள்ளைகளுக்கு எது எது என்று தெரிந்திருக்கிறது.

உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு, 'மூன்று முறை நின்ற கல்யாணம்'. நான்காவது கடிதம் எதற்கு என்று எழுதவில்லை. அது என்னுடைய கதை இல்லை, சங்கரி சொன்னால்தான் உண்டு. கடைசி வரியை அடித்துவிட்டு இப்படி முடித்தேன்: 'அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியது நான்.'

எஸ்தரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது சிரிப்புப் புஸ்தகத்துல வருமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். மத்தியானப் பேருந்து நடத்துனரிடம் உறையைக் கொடுத்து அனுப்பினேன். மேலே 'சங்கரேஸ்வரி அவர்கள்' என்று முழுப்பெயர் எழுதினேன். முழுப்பெயரை அச்சகத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 20

தனுஷ்கோடி போன். "என்ன சார், நல்லா இருந்ததைப் போய் இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க? கடைசியில ஒண்ணுமே புரியலையே, சிரிக்கவா வேண்டாமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன்.

இருபத்து நான்காம் தேதி ஸ்கூட்டர் கட்டுரையை வாசிக்கிறேன் என்று வாசகர் வட்டத்துக்குச் சொல்லிவிட்டேன். ஜெயசீலன் வந்தால் அழுவான். அழட்டும்.

பிப்ரவரி 22

திருத்திய புரூப் வந்தது. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, இரண்டு பக்கங்கள் மட்டும். சிவப்புப் பேனாவை எஸ்தரின் தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலைப்புக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. 'நிறுத்தியது நான்' என்பதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மதிப்பெண் கொடுக்கிறவர்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். சில தாள்களை நானும் அப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி, 'துண்டால்' என்ற சொல்லுக்கு நேரே, அதே சின்ன எழுத்தில்:

'என்ன துண்டு? பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.'

இதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடமாகக் கேட்க ஆளில்லாமல் அது அப்படியே இருந்திருக்கிறது. பென்சிலால் எழுதினேன்:

'வெள்ளைத் துண்டு, நீலக் கரை. ஒரு மூலையில் தீப்பெட்டி மருந்தின் சிவப்புக் கறை, துவைத்தும் போகாதது. அந்த மூலையைத்தான் கண்ணில் வைத்திருந்தார்.'

சரியாக இரண்டு வரி வந்தது.